மெட்டாலிகாவின் ‘கராஜ் இன்க்.’: புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வழி

ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் பக்கம் போக ஆசை, ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களிடம் நான் சொல்லும் ஆல்பம் ஒன்றுதான்: அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் ‘கராஜ் இன்க்.’ 1998 நவம்பரில் வந்தது. இரண்டு டிஸ்க், மொத்தம் 27 பாட்டு. அதில் ஒன்றுகூட மெட்டாலிகா எழுதியது கிடையாது. எல்லாமே மற்றவர்களின் பாட்டுகள், இவர்கள் தங்கள் பாணியில் திரும்ப வாசித்தவை, அதாவது கவர்கள்.

உலகமே கொண்டாடும் சொந்த ஆல்பங்கள் அவர்களிடம் இருக்கும்போது இதை ஏன் முதலில் கேட்க வேண்டும்? காரணம் எளிது. ஒரு பாட்டின் மூல வடிவத்தையும் கவர் வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால், கிட்டார் என்ன செய்கிறது, டிரம்ஸ் என்ன செய்கிறது, குரல் எங்கே நிற்கிறது என்பது தானாகவே காதில் விழும். இசைக் கோட்பாடு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். மெட்டல் எல்லாம் ஒரே இரைச்சல் என்று தோன்றுகிற காது, ஒப்பிட ஒரு பாட்டு கிடைத்ததும் பிரித்துக் கேட்கத் தொடங்கிவிடும். இந்த ஆல்பத்தில் அப்படி 27 ஜோடிகள் கிடைக்கின்றன.

ஒரே நிபந்தனை: ஆல்பத்தில் இருக்கும் வரிசையில் கேட்காதீர்கள். முதல் பாட்டு ‘ஃப்ரீ ஸ்பீச் ஃபார் த டம்ப்’. இங்கிலாந்தின் டிஸ்சார்ஜ் என்ற பங்க் குழுவுடையது. தலைப்பு வரியையே திரும்பத் திரும்பக் கத்துவதுதான் பாட்டு. பழகிய காதுக்கு அருமையாக இருக்கும். பழகாதவர் அங்கேயே நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அதனால் கீழே சொல்லும் வரிசையில் நீங்களே ஒரு பிளேலிஸ்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் மூலப் பாட்டைச் சேருங்கள். பெரும்பாலானவை ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் கிடைக்கும்.

கேட்க உட்காருவதற்கு முன்

போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். அதில் பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் கனத்த கிட்டார், கேட்கவே கேட்காது; கிட்டார் மட்டும் தகரம் மாதிரி ஒலிக்கும். சாதாரண வயர் ஹெட்போன் போதும். சத்தத்தைப் பாதிக்கு மேல் வைக்க வேண்டிய தேவையும் இல்லை. இந்த இசையின் கனம் பதிவிலேயே இருக்கிறது.

இன்னொன்று. நம் காது சினிமாப் பாட்டில் வளர்ந்தது. அங்கே குரல்தான் முன்னால், வாத்தியங்கள் அதற்குத் துணை. இங்கே பல இடங்களில் கிட்டார் முன்னால் நிற்கும், குரல் அதன் மேல் ஏறி வரும். அதனால் வரிகளைப் பிடிக்கப் போராடாதீர்கள். முதலில் ரிஃப்பைப் பிடியுங்கள். ரிஃப் என்பது பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்ன கிட்டார் துண்டு. அதை உங்களால் முணுமுணுக்க முடிந்துவிட்டால் பாட்டு உங்கள் கைக்கு வந்துவிட்டது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘லாஸ்ட் கரெஸ்’, ‘ஸோ வாட்’ இரண்டும் வேண்டுமென்றே அதிர்ச்சி கொடுப்பதற்காக எழுதப்பட்டவை. முதலாவதில் கொலையும் பாலியல் வன்முறையும் பெருமையாகப் பேசப்படுகின்றன, இரண்டாவது முழுக்கக் கெட்ட வார்த்தை. அந்தக் காலத்துப் பங்க் குழுக்களின் போக்கு அது. எனக்கு ‘லாஸ்ட் கரெஸ்’ஸின் மெட்டு பிடிக்கும், வரிகள் பிடிக்காது. உங்களுக்கும் வேண்டாம் என்றால் தாண்டிப் போங்கள்.

முதல் ஜோடி: ‘விஸ்கி இன் த ஜார்’

இங்கே மூன்று பதிவுகளைக் கேட்க வேண்டும், ஏனென்றால் இது கவருக்கே ஒரு கவர்.

பாட்டு அயர்லாந்தின் நாட்டுப்பாடல். கார்க், கெர்ரி மலைப் பக்கம் ஒரு வழிப்பறிக்காரன் ஒரு கேப்டனைக் கொள்ளையடிக்கிறான், பணத்தைக் காதலியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான், அவள் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். 1960களில் த டப்ளினர்ஸ் என்ற நாட்டுப்புறக் குழு பாஞ்சோவோடு பாடிப் பரப்பியது. முதலில் அதைக் கேளுங்கள். கூட்டமாகச் சேர்ந்து பாடுகிற மாதிரி, துள்ளலாக இருக்கும்.

அடுத்து தின் லிஸி. டப்ளினைச் சேர்ந்த ராக் குழு, 1972இல் இதை சிங்கிளாக வெளியிட்டார்கள். ஃபில் லைனட் பாடுகிறார். அவர் குரலில் துள்ளல் போய் ஒரு சோகம் வந்து உட்கார்ந்திருக்கும். அதைவிட முக்கியம், எரிக் பெல் வாசிக்கும் கிட்டார். ஆரம்பத்திலேயே ஒரு மெட்டு வளைந்து வளைந்து வருகிறதே, டப்ளினர்ஸ் பாட்டில் அது இருந்ததா? இல்லை. இந்தக் குழு புதிதாகச் சேர்த்தது.

இப்போது மெட்டாலிகா. அதே கிட்டார் மெட்டு இங்கேயும் வருகிறது. ஆக, இவர்கள் எடுத்துக்கொண்டது தின் லிஸியின் பாட்டைத்தான். கிட்டார் ஒலி தடிமனாகிவிட்டது, லார்ஸ் உல்ரிக்கின் டிரம்ஸ் நேராக அடிக்கிறது, ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் குரலில் சோகத்துக்குப் பதில் முரட்டுத்தனம். சிறையில் கிடக்கிறவன் வருத்தப்படுகிற மாதிரி தெரியவே தெரியாது. இந்தப் பதிவுக்கு 2000ஆம் ஆண்டு சிறந்த ஹார்ட் ராக் நிகழ்த்துதலுக்கான கிராமி விருது கிடைத்தது.

மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, எது மாறியது, எது மாறாமல் நின்றது என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். அப்புறம் வரும் எல்லா ஜோடிகளுக்கும் இதே பயிற்சிதான்.

இரண்டாவது: ‘டர்ன் த பேஜ்’

பாப் சீகர் 1973இல் வெளியிட்ட பாட்டு. ஊர் ஊராகப் பயணம் போய்ப் பாடும் கலைஞனின் அலுப்பு அது: நெடுஞ்சாலை, குளிர், சாப்பாட்டுக் கடையில் முறைத்துப் பார்க்கும் கண்கள். 1976இல் வந்த அவருடைய நேரடி நிகழ்ச்சி ஆல்பமான ‘லைவ் புல்லட்’டில் இருக்கும் பதிவைத் தேடிக் கேளுங்கள். ஆல்ட்டோ ரீட் வாசிக்கும் சாக்ஸபோன்தான் அந்தப் பாட்டின் உயிர்.

மெட்டாலிகாவில் சாக்ஸபோன் கிடையாது. அந்த அழுகை எங்கே போனது? கிர்க் ஹாமெட்டின் கிட்டாருக்குள் போயிருக்கிறது. ஸ்லைடு என்று ஒரு முறை உண்டு: கம்பியை விரலால் அழுத்துவதற்குப் பதில் ஒரு குழாயை அதன் மேல் வழுக்கி வாசிப்பார்கள். ஸ்வரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழைந்து போகும், மனிதக் குரல் மாதிரி. ஹெட்போனில் பாட்டின் முதல் அரை நிமிடத்தை இரண்டு பதிவுகளிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வேறு வாத்தியம், அதே வலி. கவர் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஆல்பத்தில் இதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன்.

இனி இரண்டாவது டிஸ்க்: 1984

காது கொஞ்சம் பழகியிருக்கும். இப்போது காலத்தில் பின்னால் போகலாம். முதல் டிஸ்க்கில் இருப்பவை பெரும்பாலும் 1998இல் புதிதாகப் பதிவு செய்தவை. இரண்டாவது டிஸ்க், அதற்கு முன் 14 ஆண்டுகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக அவர்கள் வெளியிட்ட கவர்களின் தொகுப்பு. என் கணக்கில் ஆல்பத்தின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது.

1984இல் மெட்டாலிகா வெளியிட்ட ‘ஆம் ஐ ஈவில்?’ என்ற பாட்டை எடுங்கள். மூலம் டைமண்ட் ஹெட் என்ற ஆங்கிலக் குழு. 1980இல் அவர்களுக்குப் பெரிய கம்பெனி எதுவும் கிடைக்கவில்லை; தாங்களே ஒரு ஆல்பம் போட்டார்கள். அட்டையில் படம்கூடக் கிடையாது, வெறும் வெள்ளை. ‘லைட்னிங் டு த நேஷன்ஸ்’ என்று இன்று அறியப்படும் அந்த ஆல்பத்தில் மொத்தம் 7 பாட்டு. அதில் 4 பாட்டை மெட்டாலிகா பதிவு செய்திருக்கிறார்கள்: ‘ஆம் ஐ ஈவில்?’, ‘ஹெல்ப்லெஸ்’, ‘த பிரின்ஸ்’, ‘இட்ஸ் எலெக்ட்ரிக்’. நான்கும் ‘கராஜ் இன்க்.’கில் இருக்கின்றன.

இந்தப் பித்துக்கு ஒரு கதை உண்டு. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த லார்ஸ், 1981இல் டீன் ஏஜ் பையனாக இருந்தபோது டைமண்ட் ஹெட்டைப் பார்ப்பதற்காகவே இங்கிலாந்துக்குப் போனான். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்களிடம் போய் அறிமுகப்படுத்திக்கொண்டான். கிட்டாரிஸ்ட் பிரையன் டாட்லர் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். அதே ஆண்டு இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் மெட்டாலிகா உருவானது. ஆரம்ப நாட்களில் மேடையில் டைமண்ட் ஹெட் பாட்டுகளை வாசிக்கும்போது அது யாருடையது என்று இவர்கள் சொல்வதில்லை. கேட்டவர்கள் இவர்களுடைய சொந்தப் பாட்டு என்றே நினைத்தார்கள்.

சரி, பாட்டுக்குள் போவோம். தொடக்கத்தில் டிரம்ஸும் கிட்டாரும் ஒன்றாகச் சேர்ந்து படை நடப்பது போல அடிக்கின்றன. அந்தத் தாளம் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேயரின் ‘மார்ஸ்’ என்ற ஆர்கெஸ்ட்ரா இசையிலிருந்து வந்தது; டைமண்ட் ஹெட்டே அங்கிருந்துதான் எடுத்தார்கள். அப்புறம் கிட்டார் மட்டும் தனியாக ஒரு வேகமான ஓட்டம் ஓடி நிற்கும். பிறகு கனமான, மெதுவான ரிஃப். அதில்தான் குரல் சேர்கிறது. பாட்டின் பிற்பாதியில் வேகம் சட்டென்று மாறும். அந்த மாற்றத்துக்காகக் காத்திருந்து கேளுங்கள். ஒரே பாட்டுக்குள் வேகத்தை மாற்றி மாற்றி, பகுதி பகுதியாக அடுக்கிக் கட்டும் இந்த முறைதான் பிற்பாடு மெட்டாலிகாவின் நீளமான சொந்தப் பாட்டுகளுக்கு அடித்தளம். மூலத்தையும் கவரையும் ஒப்பிட்டால் அமைப்பு அநேகமாக அப்படியே இருக்கும். மாறியது கிட்டாரின் தடிமனும் குரலும் மட்டும்தான். டைமண்ட் ஹெட்டின் ஷான் ஹாரிஸ் இழுத்து, நெளிந்து பாடுவார். ஜேம்ஸ் கடித்துத் துப்புவார்.

கவரிலிருந்து வந்த ராயல்டி தன் வாழ்க்கையை ஓட்ட உதவியது என்று டாட்லர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் பாட்டை வாசிப்பதில் இந்த நியாயமும் இருக்கிறது. எழுதியவர் வீட்டுக்கும் பணம் போகிறது.

1987: பேஸைக் கவனியுங்கள்

இது எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி, கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

1986 செப்டம்பர் 27 அன்று, ஸ்வீடனில் குழுவின் பஸ் கவிழ்ந்து பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். அவருக்கு வயது 24. அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். அவர் மெட்டாலிகாவோடு பதிவு செய்து வெளிவந்த முதல் இசைத்தட்டு, 1987இல் வந்த ஐந்து டிராக் கொண்ட ஒரு இ.பி., அதாவது முழு ஆல்பத்தைவிடச் சின்ன தட்டு. எல்லாம் கவர்கள். கடைக்காரர்கள் அதிக விலை வைக்கக் கூடாது என்று, 5.98 டாலர் என்ற விலையையே தலைப்பில் சேர்த்துவிட்டார்கள். பிற்காலத்தில் அந்தத் தட்டு கடைகளில் கிடைக்காமல் போனது. ‘கராஜ் இன்க்.’ அந்த ஐந்தையும் திரும்பக் கொண்டுவந்தது. ‘ஹெல்ப்லெஸ்’ஸில் தொடங்கி ‘லாஸ்ட் கரெஸ்/கிரீன் ஹெல்’ வரை இரண்டாவது டிஸ்க்கின் முதல் ஐந்து டிராக் அவைதான்.

‘கிராஷ் கோர்ஸ் இன் பிரெயின் சர்ஜரி’யைப் போடுங்கள். வேல்ஸைச் சேர்ந்த பட்ஜி குழுவின் பாட்டு. முதலில் வருவது ஜேசனின் பேஸ். கரகரவென்று, முழு ஒலியோடு. மற்றவர்கள் உள்ளே வந்த பிறகும் அது அமுங்காமல் கீழே உருண்டுகொண்டே இருக்கும். இப்போது இதற்கு அடுத்த ஆண்டு, 1988இல் வந்த மெட்டாலிகாவின் ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்திலிருந்து ஏதாவது ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். பேஸ் எங்கே? தேடித்தான் பிடிக்க வேண்டும். கலவையில் அதை அந்த அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். ரசிகர்கள் இன்றுவரை பேசும் விஷயம் இது. அதே ஆள், அதே விரல்கள். ஒரு பதிவில் கேட்கிறது, இன்னொன்றில் கேட்கவில்லை. பேஸ் என்ற வாத்தியம் ஒரு பாட்டுக்கு என்ன தருகிறது என்று புரிய இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் போதும்.

இதே ஐந்தில் ‘த ஸ்மால் அவர்ஸ்’ஸையும் விட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் ஹோலோகாஸ்ட் குழுவின் பாட்டு. மெதுவாக, இருட்டில் யாரோ நடந்து வருவது போல ஊர்ந்து வரும் ரிஃப். ராத்திரியில் கேளுங்கள்.

‘கிரீன் ஹெல்’ முடிந்ததும் உடனே அடுத்த பாட்டுக்குத் தாவாதீர்கள். கடைசியில் அயர்ன் மெய்டனின் ‘ரன் டு த ஹில்ஸ்’ஸின் தொடக்கத்தைச் சுருதி விலகி வாசித்து விளையாடுவார்கள். நண்பனை இழந்த அடுத்த ஆண்டில் அந்த நால்வரும் இப்படிச் சிரித்து வாசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆறுதலாக இருக்கும். ‘லாஸ்ட் கரெஸ்’, ‘கிரீன் ஹெல்’ இரண்டும் மிஸ்ஃபிட்ஸ் குழுவுடையவை; அந்தக் குழுவின் பாட்டுகளை இவர்களிடம் கொண்டுவந்ததே கிளிஃப்தான்.

மீதி இரண்டாவது டிஸ்க்கை வேகமாகக் கடக்கலாம்

‘பிரெட்ஃபேன்’ பட்ஜியின் இன்னொரு பாட்டு, ரிஃப் என்றால் என்ன என்பதற்கு உதாரணம். ‘ஸ்டோன் கோல்ட் கிரேஸி’ குவீனின் 1974ஆம் ஆண்டுப் பாட்டு. குவீன் என்றால் மெல்லிசை என்று நினைப்பவர்களுக்கு அந்த மூலமே ஆச்சரியமாக இருக்கும். மெட்டாலிகாவுக்கு இதற்கும் கிராமி கிடைத்தது. 1992இல் வெம்ப்ளியில் நடந்த ஃப்ரெடி மெர்க்குரி அஞ்சலி நிகழ்ச்சியில் மீதமிருந்த குவீன் கலைஞர்களோடு ஜேம்ஸ் இதைப் பாடினார். அந்த வீடியோவையும் பாருங்கள். டிஸ்க்கின் கடைசியில் நான்கு மோட்டர்ஹெட் பாட்டுகள் வரும். 1995 டிசம்பரில் அந்தக் குழுவின் பாடகர் லெம்மியின் 50ஆவது பிறந்தநாள் விருந்தில், நால்வரும் லெம்மி மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு போய் வாசித்தார்கள். அதற்காகப் பழகியபோது பதிவானவை இவை. மெருகு எதுவும் இல்லாத பதிவு. மோட்டர்ஹெட்டை முன்பே தெரிந்தவர்களுக்கு அதிகம் இனிக்கும். மற்றவர்கள் ‘ஓவர்கில்’ மட்டும் கேட்டால் போதும்.

திரும்ப முதல் டிஸ்க்குக்கு

இப்போது 1998இன் மற்ற பாட்டுகளுக்கு நீங்கள் தயார். ‘சப்ரா கடப்ரா’ பிளாக் சபாத்தின் 1973ஆம் ஆண்டுப் பாட்டு. மூலத்தில் ரிக் வேக்மேன் கீபோர்டு வாசித்திருப்பார். மெட்டாலிகா அதை எடுத்துவிட்டு, அதே சபாத் ஆல்பத்தில் இருக்கும் ‘எ நேஷனல் அக்ரோபேட்’ என்ற வேறு பாட்டின் துண்டை நடுவில் செருகியிருக்கிறார்கள். எந்த இடத்தில் தையல் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். முதல் டிஸ்க்கில் நான் அதிகம் திரும்பப் போடுவது இதுதான்.

‘அஸ்ட்ரானமி’ ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட்டின் பாட்டு. யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். நிக் கேவின் ‘லவர்மேன்’ எனக்கு நீளமாகத் தோன்றுகிறது. நிக் கேவின் மூலமே போதும்.

‘டியூஸ்டேஸ் கான்’ தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டியது. லினர்ட் ஸ்கினர்ட்டின் 1973ஆம் ஆண்டுப் பாட்டு. மெட்டாலிகா இதை ஸ்டூடியோவில் வாசிக்கவில்லை. 1997 டிசம்பரில் ஒரு கலிஃபோர்னியா வானொலி நிகழ்ச்சியில் நண்பர்கள் பலரைச் சேர்த்துக்கொண்டு, மின்சாரம் இல்லாத கிட்டார்களில் வாசித்தார்கள். ஜான் பாப்பர் ஹார்மோனிகா வாசிக்கிறார். கிட்டார்களில் ஒன்று கேரி ராசிங்டனின் கையில். அவர் லினர்ட் ஸ்கினர்ட்டின் ஆரம்பகால உறுப்பினர். 1977இல் அந்தக் குழுவின் பாடகர் ரானி வான் ஸான்ட் இறந்த விமான விபத்தில் உயிர் பிழைத்தவர். பிரிவைப் பற்றிய அந்தப் பாட்டை, இறந்துபோன நண்பனோடு முதன்முதலில் வாசித்தவரே வந்து இன்னொரு குழுவோடு உட்கார்ந்து வாசிக்கிறார். 9 நிமிடம் போவதே தெரியாது.

கடைசியாக ‘மெர்சிஃபுல் ஃபேட்’. டென்மார்க் குழு ஒன்றின் பெயரே டிராக்கின் பெயர். அவர்களுடைய ஐந்து பாட்டுகளை ஒன்றாகத் தைத்த 11 நிமிட மெட்லி. அந்தக் குழுவின் பாடகர் கிங் டயமண்ட் உச்சத்தில் கீச்சிட்டுப் பாடுபவர். ஜேம்ஸ் அதை முயற்சிக்கவே இல்லை, தன் குரலிலேயே பாடிவிடுகிறார். ஐந்தில் நான்கு பாட்டுகள் 1983இல் வந்த ‘மெலிஸா’ ஆல்பத்தில் இருக்கின்றன. அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள், ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று பிடிபடும். இதை முடித்தவர் ‘ஃப்ரீ ஸ்பீச் ஃபார் த டம்ப்’பைத் தாராளமாகப் போடலாம்.

அடுத்து எங்கே போவது

மெட்டாலிகாவின் சொந்த ஆல்பங்களுக்குப் போகலாம். என் பரிந்துரை, அதற்கு முன் டைமண்ட் ஹெட்டின் அந்த 1980 ஆல்பத்தை முழுதாக, கவர் எதையும் நினைக்காமல் கேட்பது. 40 ஆண்டு கழித்து 2020இல் அதையே அவர்கள் மறுபடியும் பதிவு செய்து வெளியிட்டார்கள். கூடவே நான்கு கவர்களையும் சேர்த்தார்கள். அதில் ஒன்று ‘நோ ரிமோர்ஸ்’, மெட்டாலிகாவின் 1983ஆம் ஆண்டு முதல் ஆல்பமான ‘கில் எம் ஆல்’லில் இருப்பது. டைமண்ட் ஹெட் வாசிப்பதை முதலில் போடுங்கள், அப்புறம் மெட்டாலிகாவின் மூலத்தை. ‘கில் எம் ஆல்’லை அங்கிருந்தே தொடரலாம்.